பியூட்டர் குவளை அடியில் கசிகிறது: 60/40 ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமா?

கேள்வி:
ஒரு பைண்ட் கொள்ளும் பழைய ஆங்கிலேய பியூட்டர் (பெரும்பகுதி வெள்ளீயமான கலப்புலோகம்) பீர்க் குவளை. அடித்தகடு ஓரமாகத் தண்ணீர் சொட்டுகிறது. விளிம்புக்குக் கீழே கிரீடம், வி.ஆர்., ஓர் எண். உள்ளே கைப்பிடிக்கு நேர் பின்னால் துணி நெசவு போல ஒரு தடம்; வார்ப்புக் குறையா? எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான 60/40 ஈயக்கம்பி (60% வெள்ளீயம், 40% காரீயம்) கைவசம் இருக்கிறது. சரிசெய்தால் இதில் குடிக்கலாமா?

வார்ப்புப்பட்டறை:
60/40 வேண்டவே வேண்டாம். அது 183 டிகிரியில் இளகத் தொடங்கும்; காரீயம் கலந்த பழைய பியூட்டரும் கிட்டத்தட்ட அங்கேயே இளகும். பற்று (உருக்கி ஒட்டும் உலோகம்) ஓடுவதற்குள் குவளையில் ஓட்டை விழுந்துவிடும். வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்த கதைதான்.

முதலில் கசிவு எங்கே என்று பாருங்கள். வெளிப்பக்கத்தைத் துடைத்து, மை ஒற்றும் தாளில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுங்கள். இணைப்பிலா, கரும்புள்ளி ஏதாவது இருந்தால் அதற்கு அடியில் அரித்த குழியிலா என்று தெரிந்துவிடும்.

இணைப்பில்தான் என்றால் 58% பிஸ்மத், 42% வெள்ளீயப் பற்று வாங்குங்கள். 138 டிகிரியில் உருகும். சால்டரிங் அயர்ன் 170ஐத் தாண்டக்கூடாது, தீ நேரடியாகப் படக்கூடாது. உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினால்தான் பற்று பிடிக்கும். ஃபிளக்ஸுக்கு (பற்று ஒட்ட உதவும் பூச்சு) 30 மி.லி. கிளிசரினில் 10 சொட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். வேலை முடிந்ததும் சோப்புநீரில் நன்றாகக் கழுவுங்கள். பழைய காரீயப் பற்று மிச்சமிருந்தால் முழுக்க எடுத்துவிடுங்கள். பிஸ்மத், காரீயம், வெள்ளீயம் மூன்றும் கலந்தால் 96 டிகிரியிலேயே உருகும். அதனால் கொதிநீரும் ஆகாது.

முத்திரைநோக்கி:
அந்த நெசவுத்தடத்தைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள்! கைப்பிடியைத் தனியாக வார்த்து ஒட்டாமல், குவளையின் மேலேயே அச்சை வைத்து உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். அந்தச் சூட்டில் சுவர் சரியாமலிருக்க உள்ளே மணல் நிரப்பிய லினன் துணியை அண்டக்கொடுப்பார்கள். அதன் பதிவுதான் அது. கைவேலைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வி.ஆர். என்பது விக்டோரியா காலத்து அளவுச் சோதனை முத்திரை. செய்த ஆண்டு அல்ல. பழைய குவளைகளிலும் பின்னால் குத்தியிருக்கிறார்கள். கசிவு நின்றபின் விளிம்புவரை நீர் ஊற்றி, அந்த நீரை மட்டும் எடை போடுங்கள். 1826இல் நடைமுறைக்கு வந்த இம்பீரியல் பைண்ட் என்றால் சுமார் 568 கிராம். அதற்கு முந்தைய ஏல் (ஒருவகை பீர்) பைண்ட் 578.

கேள்வி:
தாளில் பார்த்தேன், இணைப்பில்தான். குடிப்பது?

வார்ப்புப்பட்டறை:
நகை சோதிக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியில் (எக்ஸ்-கதிரால் உலோகக் கலவையைக் காட்டுவது) காரீயம் இல்லையென்று தெரியும்வரை வேண்டாம். பீரும் அமிலம்தான், காரீயத்தை இழுக்கும். அலமாரியில் வையுங்கள்.