குயர் காமிக்ஸ் அச்சிடலும் விற்றலும்: அனுபவப் பகிர்வு

வரைபலகை:
பால்புதுமையர் (குயர்) கதைகளைத் தமிழில் வரைபவர்கள் கூடிவிட்டார்கள். அச்சுக்குப் போகும் கட்டத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பேச்சு ஓரிடத்தில் நிற்க, ஒரு மாதிரியை வைத்துக்கொள்வோம்: டெம்மி அளவு (5.5க்கு 8.5 அங்குலம்), 64 பக்கம், உள்ளே கறுப்பு வெள்ளை, அட்டை வண்ணம், இரண்டு பெண்களின் காதல் கதை. எழுதியவரும் வரைந்தவரும் புனைபெயரில் இருக்க விரும்புகிறார்கள். 300 பிரதி. எங்கே எது தவறும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். பொதுவான ஊக்க வார்த்தைகள் வேண்டாம், அளவும் கணக்கும் வேண்டும்.

ஃபாரம்16:
64 பக்கம் என்றால் 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் ஒன்றாக அச்சாகி மடிக்கப்படும் பக்கங்கள்) நான்கு. கதை 66 பக்கத்துக்கு நீண்டால் அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரத்தின் தாளும் பிளேட்டும் (பக்கங்களைப் பதித்த அச்சுத் தகடு) சேரும். அதனால் ஸ்டோரிபோர்டிலேயே (காட்சிகளின் முதல் வரைவு) பக்கத்தை முடிவு செய்யுங்கள். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், நன்றி எல்லாம் அந்த 64-க்குள் அடங்க வேண்டும். கதைக்குக் கிடைப்பது 58 முதல் 60 பக்கம்.

300 பிரதி என்பது சங்கடமான எண். டிஜிட்டலில் ஒரு பிரதியின் விலை குறையாது, பிளேட் போட்டு அடிக்கும் ஆஃப்செட்டில் அந்தச் செலவைப் பரப்ப 300 போதாது. 500-க்கும் சேர்த்து இரண்டு விலையும் வாங்கிப் பாருங்கள். பல அச்சகங்களில் 300-க்கும் 500-க்கும் உள்ள வித்தியாசம் தாள் விலை மட்டும்தான். ஆனால் விற்காத 200 பிரதியை எந்த வீட்டில் அடுக்குவது? இந்தப் புத்தகத்துக்கு அது இடப் பிரச்சினை மட்டுமல்ல. வீட்டில் வைக்க முடியாதவர்கள் 150 பிரதி டிஜிட்டலில் அடித்து, தீரத் தீர மறுபடி அடிப்பதே சரி.

தாள்: 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மேப்லித்தோ கதைப் புத்தகத்துக்குப் போதும், காமிக்ஸுக்குப் போதாது. இரவுக் காட்சியில் பக்கம் முழுக்கக் கறுப்பு இருந்தால் பின்பக்கத்து முகங்களில் நிழல் தட்டும். 80 ஜிஎஸ்எம் குறைந்தபட்சம், 100 நல்லது. 80-இல் 32 இலை அடுக்கினால் முதுகு ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர்தான் வரும். அதில் தலைப்பு போட்டால் வெட்டும்போது அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே எழுத்து அட்டைக்கு ஏறிவிடும். முதுகில் பெயர் இல்லாத புத்தகம் கடை அலமாரியில் காணாமல் போகும். சற்றுத் தடித்த நேச்சுரல் ஷேட் தாளுக்குப் போனால் 4 மில்லிமீட்டர் தாண்டும்.

முதுகில் பசை போட்டு ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங்கில் புத்தகம் முழுசாக விரியாது. உள் ஓரத்தில் 15 மில்லிமீட்டர் வரை முகமோ வசனமோ வைக்காதீர்கள். நடுவில் கம்பி குத்தும் சென்டர் பின் என்றால் வேறு சிக்கல்: நடுப் பக்கங்கள் வெளியே தள்ளும், வெட்டும்போது ஓரத்து ஓவியம் போய்விடும். அங்கே வெளி ஓரத்தில் 10 மில்லிமீட்டர் விடுங்கள். இரண்டிலும் ப்ளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே ஓவியத்தை நீட்டுவது) 3 மில்லிமீட்டர்.

கோட்டோவியத்தை 600 டிபிஐக்கு (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) குறையாமல், சாம்பல் கலக்காத பிட்மேப்பாகக் கொடுங்கள். சாம்பல் பூச்சு இருந்தால் அந்தப் பக்கத்துக்கு கிரேஸ்கேல், குறைந்தது 300. புள்ளி டோன் போட்ட பக்கத்தை பிறகு சுருக்கினால் பட்டை பட்டையாக மொய்ரே விழும். முதலிலேயே இறுதி அளவில் வரையுங்கள். வசனம் கே 100, அதாவது கறுப்பு மை மட்டும். நான்கு மை கலந்த கறுப்பில் எழுத்து இருந்தால் அட்டையில் எழுத்தைச் சுற்றிச் சிவப்பு நீலம் எட்டிப் பார்க்கும்.

இன்னொன்று, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். முத்தக் காட்சி, படுக்கைக் காட்சி இருக்கும் பக்கங்களை விலை கேட்கும்போதே அச்சகத்துக்குக் காட்டிவிடுங்கள். பிளேட் போட்ட பிறகு மெஷின்காரரோ பைண்டிங் பகுதியோ "இதெல்லாம் இங்கே அடிக்க மாட்டோம்" என்றால் முன்பணமும் போகும், வெளியீட்டுத் தேதியும் போகும். பக்க எண்களைக் குறிப்பிட்டு, பார்த்தோம் சம்மதம் என்று மின்னஞ்சலில் ஒரு வரி வாங்குங்கள். பைண்டிங் வெளியே போகிறதா என்றும் கேளுங்கள். மறுப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

குமிழி:
எழுத்து வேலைக்கு வருகிறேன். தமிழ் வசனக் குமிழி ஆங்கிலக் குமிழியைவிட அகலமாக வேண்டும். "சொல்லிக்கொண்டிருந்தாள்" என்ற ஒரே சொல் ஒரு சின்னக் குமிழியை அடைத்துவிடும். ஓவியர் முதலில் குமிழிக்கு இடம் விட்டுவிட்டு எழுத்தாளர் பிறகு நிரப்பும் முறை தமிழில் தோற்கும். வசனத்தை முதலில் பேச்சுத்தமிழில் முடித்து, இறுதி எழுத்தளவில் வைத்துப் பார்த்து, அதன் பிறகு முகங்களை வரையுங்கள். ூ, ு கீழே இறங்குவதாலும் ி, ீ மேலே ஏறுவதாலும் வரி இடைவெளி எழுத்தளவில் 130 சதவீதமாவது இருக்க வேண்டும்.

பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனில் கொம்பும் எழுத்தும் இடம் மாறி நின்றால் கோளாறு எழுத்துருவில் இல்லை. பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். காசு கொடுக்க முடியாதவர்களுக்கு ஸ்க்ரைபஸ் 1.5-க்குப் பிந்தைய பதிப்புகள் தமிழைச் சரியாகக் கோக்கும். ஓவிய மென்பொருளுக்குள்ளேயே வசனம் அடிக்காதீர்கள். பிழைதிருத்த அங்கே வசதி கிடையாது, சிலவற்றில் தமிழே உடையும்.

எழுத்துரு: கவிவனார் கையெழுத்துச் சாய்வில் இருக்கும், வசனத்துக்கு நன்றாகப் பொருந்தும். சத்தத்துக்கும் தலைப்புக்கும் பாலூ தம்பி. இரண்டும் திறந்த உரிமத்தில் இருப்பதால் விற்கும் புத்தகத்திலும் தயங்காமல் பயன்படுத்தலாம். பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் அடித்தால் அச்சில் தெரியாது. அதையே மின்னூலாக்கும் நாளில் தேடலும் வேலை செய்யாது, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பானும் குப்பையைப் படிக்கும்.

மெய்ப்பு:
ஃபாரம்16 சொன்ன ஸ்டோரிபோர்டு கட்டத்திலேயே, கதை யாரைப் பற்றியதோ அந்தச் சமூகத்திலிருந்து ஒருவருக்குக் கூலி கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மை போட்ட பிறகு காட்டினால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள், திருத்தச் சொல்ல மனம் வராது. அடிக்கடி தவறுகிற ஓர் இடம்: திருநம்பி ஒருவர் மார்பை க்ரேப் பேண்டேஜால் சுற்றிக் கட்டுவதாக வரைவது. அப்படிக் கட்டினால் துணி மூச்சோடு விரியாமல் மேலும் மேலும் இறுகும், விலா எலும்புக்கு ஆபத்து. வாசிப்பவர்களில் பதினேழு வயதுப் பிள்ளையும் இருப்பார், படத்தைப் பார்த்துச் செய்வார். அதற்கென்று தைத்த பைண்டர் என்ற உள்ளாடையையே வரையுங்கள். அதேபோல் திருநங்கை வந்தாலே கூவாகத்தில் தாலி அறுக்கும் காட்சி. அவர் அலுவலகம் போகட்டும், வாடகைக்கு வீடு தேடட்டும், குடும்பத்தோடு சண்டை போடட்டும்.

புனைபெயர்:
பெயர் எங்கெங்கே கசியும் என்று ஒரு பட்டியல் போட்டு அடைக்க வேண்டும்.

யுபிஐ முதல் ஓட்டை. க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தவுடன் வங்கிக் கணக்கிலுள்ள சட்டப் பெயர் வாங்குபவர் திரையில் வரும். புனைபெயரில் வரைந்தவர் ஸ்டாலில் தன் சொந்த க்யூஆரை வைத்தால் அன்றைக்கே பெயர் வெளியே. பதிப்பகத்தின் பெயரில் நடப்புக் கணக்கு திறந்து அதையே வையுங்கள், அல்லது பெயர் வெளியானாலும் பாதிப்பில்லாத ஒருவரின் கணக்கு.

அடுத்தது கோப்பு. பிடிஎஃப் பண்புகளில் ஆசிரியர் என்ற இடத்தில் கணினியின் பயனர் பெயர் தானாக உட்காரும். ஏற்றும் முன் அழியுங்கள். பணியறைப் படம் எடுத்துப் போடும்போது மேசையில் கிடக்கும் கூரியர் உறை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடைப் பலகை இவற்றையும் பாருங்கள்.

நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கொடுக்கிறது. விண்ணப்பிப்பவர் அடையாள ஆவணம் தர வேண்டும். புத்தகத்தின் ஆசிரியர் பெயரோ புனைபெயராக இருக்கலாம். எனவே விண்ணப்பிப்பது பதிப்பாளராக இருக்கட்டும். அச்சுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண்.

ஒப்பந்தத்தில் மட்டும் உண்மைப் பெயர், அது பதிப்பாளரிடம் பூட்டில். உரிமை ஒப்படைப்பு எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். தொகுப்பு நூல் போடுகிறவர்கள் இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: பங்களித்தவர் பிற்பாடு பெயரை மாற்றச் சொன்னால் மறுபதிப்பிலும் மின்னூலிலும் மாற்றித் தருவோம் என்று. பாலினம் மாறிய பிறகு பழைய பெயரில் தன் படைப்பைப் பார்ப்பது எவ்வளவு வலி என்று தெரிந்தவர்கள் இந்த வரியைக் கேட்காமலே எழுதுவார்கள்.

ஷரத்து:
தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் குறுக்கிய பிறகு, மனமொத்த பெரியவர்களின் தன்பாலின உறவு குற்றமில்லை. அதனால் அந்தக் காதலைக் கதையாக்கியதற்காகவே புத்தகம் சட்டவிரோதமாகாது. ஆபாசம் பற்றிய சட்டம் எல்லாக் கதைக்கும் பொது: அச்சுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆம் பிரிவு, இணையத்துக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு. இலக்கியம், கலை என்ற நலனுக்கான வெளியீட்டுக்கு 294-இல் விலக்கு எழுதப்பட்டிருக்கிறது.

சமரசமே கூடாத எல்லை வயது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்குள், செயற்கையாக உருவாக்கப்பட்ட படங்களையும் 2019 திருத்தம் கொண்டுவந்தது, குழந்தையைப் போலத் தோன்றினாலே பொருந்தும். பள்ளிக்கூடக் காதல் கதை வரையலாம், தேவையும் இருக்கிறது. அதில் பாலியல் காட்சி வரவே கூடாது. கல்லூரிப் பாத்திரங்கள் என்றால் வயதை வசனத்தில் சொல்லிவிடுங்கள், முகத்தையும் சிறுபிள்ளைத்தனமாக வரையாதீர்கள்.

ஒரு பேனல் (பக்கத்திலுள்ள ஒரு கட்டம்) தனியே வெட்டிச் சுற்றில் விடப்படும் என்று எண்ணியே ஒவ்வொரு பக்கத்தையும் பாருங்கள். அமெரிக்க நூலகச் சங்கத்தின் பட்டியலில் 2021, 2022, 2023 மூன்று ஆண்டும் அதிக எதிர்ப்புக்கு உள்ளான நூல் மாயா கோபாபேயின் தன்வரலாற்றுக் காமிக்ஸ் 'ஜெண்டர் குயர்'. அங்கே கூட்டங்களில் உயர்த்திக் காட்டப்பட்டவை சில பேனல்கள்தான். நூலகத்துக்குக் கொடுக்கும்போதே கதைச் சுருக்கம், வயதுப் பரிந்துரை, வந்த விமர்சனங்கள் கொண்ட ஒரு பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். புகார் வரும் நாளில் நூலகர் கையில் அது இருக்க வேண்டும்.

பாலித்தீன் உறை போட வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஹங்கேரியில் 2023-இல் இரண்டு பையன்களின் காதலைச் சொல்லும் 'ஹார்ட்ஸ்டாப்பர்' காமிக்ஸை உறையிடாமல் விற்றதற்காக லீரா புத்தகக் கடைக்கு 1.2 கோடி ஃபோரின்ட் அபராதம் போட்டார்கள். இந்தியாவில் அப்படி ஒரு விதி இல்லை, நாமாக அந்த விதியைப் போட்டுக்கொள்ள வேண்டாம். காமிக்ஸைப் புரட்டாமல் யாரும் வாங்க மாட்டார்கள். வெளிப்படையான காட்சிகள் உள்ள 18+ நூலுக்கு மட்டும் உறை, புரட்ட ஒரு மாதிரிப் பிரதி.

தபால்பை:
அனுப்புற வேலைதான் நம் வாசகருக்கு உயிர்நாடி. பார்சலை அம்மா வாங்குவாங்க, அண்ணன் பிரிப்பான். அதனால் ஆர்டர் படிவத்தில் மூணு கேள்வி வையுங்க: உறை மேல் எந்தப் பெயர் எழுத, எந்த எண்ணுக்குக் கூப்பிட, வீட்டுக்கு அனுப்பவா இல்லை தபால் நிலையத்திலேயே வைக்கவா. அனுப்புநர் இடத்தில் 'குயர்', 'வானவில்' எதுவும் வேண்டாம், ஒரு சாதாரணப் பெயரும் அஞ்சல் பெட்டி எண்ணும் போதும். பழுப்பு உறை, வெளியே ஸ்டிக்கர் இல்லை. உள்ளே வைக்கிற புக்மார்க்கும் பேட்ஜும் விருப்பம் கேட்டுத்தான். கேஷ் ஆன் டெலிவரி கூடவே கூடாது. "என்ன புத்தகத்துக்குப் பணம்?" என்ற கேள்வி வாசலிலேயே வந்துவிடும். குறுஞ்செய்தியிலும் நூல் பெயர் போகாமல் ஆர்டர் எண் மட்டும் போகட்டும்.

எடைக் கணக்கு: மாதிரிப் புத்தகம் 80 ஜிஎஸ்எம்மில் உள்பக்கம் 77 கிராம், 300 ஜிஎஸ்எம் அட்டை 18 கிராம், ஆக 95. இரண்டு பிரதி அட்டைத் தாங்கலோடு 300 கிராமுக்குள் அடங்கும், மூணு அடங்காது. 2025 மே மாதம் அஞ்சல் துறை நூல் அனுப்பக் கொண்டுவந்த ஞான் போஸ்ட் சேவையில் 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய், வரி தனி. நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்கணும், விளம்பரம் இருக்கக் கூடாது. ஆகவே கடைசிப் பக்கத்தில் அடுத்த வெளியீட்டு விளம்பரம் போடுறதை யோசிச்சுச் செய்யுங்க. மூலை மடங்கித் திரும்பி வர்றதுதான் அதிகம், இரண்டு பக்கமும் நெளி அட்டை வையுங்க.

கழிவுக்கணக்கு:
விலையை அச்சுச் செலவோடு கொஞ்சம் சேர்த்து வைக்கிறார்கள், அது கடைக்குப் போனதும் உடைகிறது. கடைக்கு 40 சதவீதம் கழிவு (விலையில் கடைக்காரர் எடுத்துக்கொள்ளும் பங்கு) என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 ரூபாய்ப் புத்தகத்தில் கைக்கு வருவது 90. அச்சு 45, போக்குவரத்து 10 போனால் 35 மிச்சம். அதில்தான் எழுத்தாளர், ஓவியர், அடுத்த பதிப்பு. விலை அச்சுச் செலவின் மூன்று மடங்குக்குக் கீழே இறங்கினால் நேரடியாக மட்டுமே விற்க முடியும். ஓவியருக்குப் பக்கக் கூலியை முன்பே கொடுத்துவிட்டு, அதையும் செலவில் எழுதுங்கள்.

சென்னைப் புத்தகக் காட்சியில் தனி அரங்கு கிடைக்காவிட்டால் ஒத்த மனமுள்ள அரங்கில் வைக்கச் சொல்லலாம். 2023-இல் குயர் பப்ளிஷிங் ஹவுஸ் தனி அரங்கே போட்டது. 2018-இல் தொடங்கிய சென்னை குயர் இலக்கிய விழா போன்ற இடங்களில் 20 பிரதி போவது, பெயர் தெரியாத கடையில் 100 பிரதி தூங்குவதைவிட மேல். விற்பனைக்கு விடும்போது பிரதி எண்ணிக்கை, கழிவு, கணக்குத் தீர்க்கும் நாள், திரும்பினால் கூலி யாருடையது என்று சீட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். 'குடும்ப நூல்கள்' பக்கமா, மூலையில் தனியாகவா என்று எங்கே அடுக்குவார்கள் என்பதையும் அப்போதே பேசுங்கள்.

மின்னூலில் ஒரு பொறி இருக்கிறது. கிண்டிலில் 70 சதவீத உரிமைத்தொகையைத் தேர்ந்தால் கோப்பின் எடைக்கு அனுப்புக் கட்டணம் பிடிப்பார்கள், இந்தியாவில் ஒரு எம்பிக்கு 7 ரூபாய். 40 எம்பி காமிக்ஸுக்கு 280 ரூபாய், புத்தக விலையே அதைவிடக் குறைவு. 35 சதவீதத்தைத் தேர்ந்தால் அந்தப் பிடித்தம் இல்லை. வகை குறிக்கும்போது காமிக்ஸ் என்பதோடு எல்ஜிபிடிக்யூ வகையையும் சேருங்கள். பாலியல் காட்சி இல்லாத கதையை 'வயதுவந்தோருக்கு' என்று குறித்துவிடாதீர்கள், தேடலிலிருந்து மறையும். 2009 ஏப்ரலில் அமேசானில் 57,310 நூல்கள் அப்படித்தான் விற்பனைத் தரவரிசையை இழந்தன, அவற்றில் குயர் நூல்கள் ஏராளம்.

வரைபலகை:
நன்றி. விளம்பரத்தைப் பற்றி யாரும் தொடவில்லையே?

குமிழி:
இன்ஸ்டாகிராமில் புத்தகப் பக்கத்தை அப்படியே ஏற்றினால் கைபேசியில் எழுத்து தெரியாது. 1080க்கு 1350 அளவில் ஒரு படத்துக்கு ஒரு பேனல் அல்லது இரண்டு என்று மறுபடி அடுக்குங்கள், வசனத்தைப் பெரிதாக்குங்கள். முதல் எட்டுப் பக்கத்தைத் தாராளமாக இலவசமாகக் கொடுங்கள். முத்தத்தை முதல் படமாக வைத்தால் புகார் வந்து பதிவு முடங்கும், பாத்திரங்கள் பேசிக்கொள்ளும் இடத்தை வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் மாற்றுரை (திரைவாசிப்பானுக்காகப் படத்தை விவரிக்கும் வரி) தமிழில். மக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவிலிருந்து திட்டம் தொடங்க வழியில்லை, அதனால் முன்பதிவுதான் நம் வழி. அச்சகத்தின் விலைச்சீட்டு கைக்கு வந்த பிறகே முன்பதிவைத் திறங்கள், சொல்லும் தேதியில் மூன்று வாரம் கூடுதலாகப் போடுங்கள். கருத்துப் பகுதியில் வரும் வசவை நீக்கும் பொறுப்பு ஓவியருக்கு வேண்டாம், வேறொருவரிடம் கொடுங்கள்.

ஷரத்து:
வெளியான 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புங்கள். 1954-இன் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி அது பதிப்பாளரின் கடமை, தபால் செலவும் அவருடையது. சிறு பதிப்பகங்கள் பலவும் இதை விட்டுவிடுகின்றன. 300 பிரதியில் நான்கு ஒதுக்கிவையுங்கள்.