அவசரம்!! பல்லி வாயைப் பிளந்துகிட்டு தலையை உதறுது, உடம்பெல்லாம் கருத்துப்போச்சு. என்ன பண்ணணும்?

எடிசன்வாசி (ஜூலை 4, இரவு 10:21)
யாராவது முழிச்சிருக்கீங்களா? எங்க பல்லி திடீர்னு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வாயை ஆன்னு பிளக்குது, மூடுது, திரும்பப் பிளக்குது. தலையை உதறுது. சாயங்காலம் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப பாத்தா உடம்பே கரிக்கட்டை மாதிரி இருக்கு. சின்னவன் அழுதுகிட்டே இருக்கான். சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கரிசல்_காக்கா (10:26)
எந்தப் பக்கம் விழுந்துச்சு அண்ணாச்சி? தலையிலயா, இடது தோள்லயா? பலன் பாத்துச் சொல்லுதேன் 😄 கோவிச்சுக்காதீய. கதவிடுக்குல மாட்டியிருக்கும். முறத்துல எடுத்து வெளிய விட்ருங்க, அதுவா போயிரும்.

டல்லாஸ்_தம்பி (10:28)
என்ன பல்லி? வயசு என்ன? தொட்டி எவ்வளவு பெருசு, சூடு எவ்வளவு, கடைசியா என்ன சாப்பிட்டுச்சு? ஒன்னுமே சொல்லாம என்ன பண்ணணும்னா எப்படிங்க?

எடிசன்வாசி (10:33)
சாரி சாரி. வீட்டுப் பல்லி இல்ல, பியர்டட் டிராகன், தொட்டியில வளக்குற பெரிய பல்லி வகை. பேரு முனியாண்டி. 3 வயசு. 4 அடித் தொட்டி. ரெண்டு எமர்ஜென்சிக்கு போன் அடிச்சுட்டேன், நாய் பூனை மட்டும்தான் பாப்போம்னுட்டாங்க. இப்ப கண்ணை மூடிடுச்சு, வயிறு வேகமா ஏறி இறங்குது.

ஸ்கார்பரோ_அன்ரி (10:36)
பதறாதேங்கோ தம்பி. எங்கட வீட்டிலயும் ரெண்டு நிக்குது. டோர்ச் அடிச்சு வாய்க்குள்ள ஏதும் சிக்கியிருக்கோ எண்டு பாருங்கோ. தண்ணி வாயில ஊத்தாதேங்கோ, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்? இண்டைக்கு வெளியில கொண்டு போனனீங்களோ?

ஊர்வன_பித்தன் (10:41)
இதே கேள்விக்கு இந்தக் குழுவில் நான் குறைந்தது பத்து முறை விடை எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. வாய் பிளப்பது, நடுக்கம், நிறம் கருப்பது எல்லாம் கால்சியம் குறைபாடு. உங்கள் யூவிபி விளக்கு (உடம்பில் கால்சியம் சேர உதவும் புற ஊதாக் கதிர் விளக்கு) சுருள் பல்பா, நீளக் குழாயா? எப்போது மாற்றினீர்கள்? வெளிச்சம் வருகிறதே என்று பலர் இரண்டு வருடம் ஓட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அப்படியே இருக்கும், யூவிபி மட்டும் தேய்ந்துபோயிருக்கும். பிராணி வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியது இது.

டல்லாஸ்_தம்பி (10:44)
சார், கால்சியம் குறைஞ்சா மாசக்கணக்குல தாடை மெலிஞ்சு, கால் வளைஞ்சு வரும். இவரு சாயங்காலம் நல்லா இருந்துச்சுன்னு சொல்றாரு. @எடிசன்வாசி வீட்டுல நான்ஸ்டிக் சட்டி அடுப்புல காய்ஞ்சுச்சா? அந்தப் புகையில கிளிங்க பத்து நிமிஷத்துல செத்துப்போகும். என் ரூம்மேட்டோட லவ்பேர்ட்ஸ் ரெண்டும் அப்படித்தான் போச்சு.

கரிசல்_காக்கா (10:47)
ஜூலை 4, அங்க அமெரிக்காவுல சுதந்திர தினமாச்சே, வெடிச் சத்தம் கேட்டு நெஞ்சடைச்சிருக்கும். எங்க ஊர்ல தீவாளிக்கு கோழி முட்டைய நிறுத்திரும்.

எடிசன்வாசி (10:58)
போயிடுச்சு.

ஸ்கார்பரோ_அன்ரி (11:01)
ஐயோ. கவலையா இருக்கு தம்பி. பிள்ளையைப் பாருங்கோ.

ஊர்வன_பித்தன் (11:09)
வருந்துகிறேன். விளக்கு எப்போது மாற்றியது என்று சொன்னால் மற்றவர்களுக்குப் பயன்படும்.

ஆட்டுடாக்டர் (11:40)
இப்பதான் பாத்தேன். நான் நாமக்கல்ல கால்நடை மருத்துவம் படிச்சவன். பாக்குறது ஆடும் கோழியும்தான், அதனால முதல்லயே சொல்லிடுறேன், ஊர்வன எனக்குத் தொழில் இல்ல. ஆனா காரணம் தெரியணும்னா உடம்பை பிளாஸ்டிக் பையில சுத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஃப்ரீசர்ல வேண்டாம். உறைஞ்சா திசு கிழிஞ்சுடும், அப்புறம் மைக்ராஸ்கோப்புல ஒன்னும் சொல்ல முடியாது. நியூயார்க் மாநிலம் இத்தாக்கால கார்னெல் பல்கலைக்கழகத்துல பிராணிகளுக்குப் பரிசோதனைக் கூடம் இருக்கு, உங்க மருத்துவர் மூலமா அனுப்பலாம்.

எடிசன்வாசி (ஜூலை 5, காலை 9:12)
எல்லாருக்கும் நன்றி. தோட்டத்துல புதைச்சுட்டோம், மனைவி ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாதுன்னுட்டா. கேட்டதுக்கு பதில்: நீளக் குழாய், டிசம்பர்ல மாத்துனது. வெயில் காயுற கல்லு 105 டிகிரி (ஃபாரன்ஹீட்). நேத்து காலையில கடையில வாங்குன கிரிக்கெட் பூச்சி எட்டு, கால்சியம் தூள் போட்டு. கொலார்ட் கீரை கொஞ்சம். நான்ஸ்டிக் இல்ல. வெளிய கொண்டு போகவே இல்ல. நாங்க பக்கத்து வீட்டு பார்பெக்யூவுக்குப் போயிட்டு, வாணவேடிக்கை முடிஞ்சு பத்து மணிக்கு வந்தோம். இடையில பசங்க மட்டும் வீட்டுக்கு வந்து வந்து போனாங்க. அவ்வளவுதான்.

டல்லாஸ்_தம்பி (9:30)
பார்பெக்யூன்னு இப்பதான் சொல்றீங்க! கொசு மருந்து அடிச்சாங்களா? பசங்க கையில கொசு ஸ்ப்ரே தடவியிருந்து அதே கையால தூக்குனாங்களா?

எடிசன்வாசி (9:34)
ஸ்ப்ரே அடிச்சோம். ஆனா தூக்கலைன்னு ரெண்டு பேரும் சொல்றாங்க.

ஸ்கார்பரோ_அன்ரி (9:51)
எனக்கு ஒண்டு மனசில ஓடுது. உங்கட பக்கம் இப்ப மின்மினி பறக்குற காலம்தானே? இஞ்சயும் பின்வளவெல்லாம் அதுதான். அது இவைக்கு நஞ்சு. எங்கட மருத்துவர் முதல் நாளே சொன்னவா, ஜூன் ஜூலையில சன்னல் வலையைப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு. ஒண்டு தொட்டிக்குள்ள பறந்து வந்திருக்குமோ?

ஊர்வன_பித்தன் (10:15)
மின்மினியா! ஒரு சிறு பூச்சி அரையடிக்கு மேல் நீளமுள்ள பிராணியை ஒரு மணி நேரத்தில் கொல்லுமாம். வாட்ஸப் செய்தி போல இருக்கிறது. பதினொரு வருடம் வளர்க்கிறேன், என் அனுபவத்தில் இல்லை. மூடியுள்ள தொட்டிக்குள் அது எப்படி நுழையும்?

எடிசன்வாசி (10:20)
தொட்டிக்கு வலை மூடி இருக்கு. சன்னலும் சாத்தித்தான் இருந்துச்சு, ஏசி ஓடுது. அதுக்கு வாய்ப்பில்லைன்னு நினைக்கிறேன்.

கரிசல்_காக்கா (10:33)
எங்க தோட்டத்துப் பம்புசெட்டு ரூம்ல பல்லி மின்மினியப் பிடிச்சுத் தின்னத என் கண்ணால பாத்திருக்கேன். மறுநாளும் அதே செவத்துலதான் உக்காந்திருந்துச்சு. பித்தன் சார் சொல்லுததுதான் சரி.

ஆட்டுடாக்டர் (11:05)
ரெண்டு பேரும் மின்மினியை அப்படித் தள்ளிடாதீங்க. அன்ரி சொல்றதுல விஷயம் இருக்கு. கிழக்கு அமெரிக்காவுல பறக்குற ஃபோட்டினஸ் வகை மின்மினியோட உடம்புல லூசிபூஃபாஜின்னு ஒரு நச்சு இருக்கு. கார்னெல்ல தாமஸ் ஐஸ்னர் குழு 1978-லயே அதைப் பிரிச்சு எடுத்துட்டாங்க. தேரைத் தோல்ல இருக்குற விஷத்துக்கு அது பங்காளி. புரியற மாதிரி சொல்லணும்னா நம்ம ஊர் அரளி விதை. மஞ்சள் அரளி தின்ன ஆட்டை நான் பாத்திருக்கேன். இதயத் தசையில சோடியத்தை வெளிய தள்ளி பொட்டாசியத்தை உள்ள இழுக்குற பம்ப் ஒன்னு இருக்கு, அரளி அதைத்தான் அடைக்கும். துடிப்பு தாறுமாறா ஆகி நின்னுடும். மின்மினி நஞ்சும் அதே பூட்டுலதான் சாவியைப் போடுது.

அதே குழு 1999-ல இதைப் பத்தியே ஒரு கட்டுரை போட்டாங்க. மின்மினி தின்ன பியர்டட் டிராகன்கள் செத்தது பத்தி. தலை உதறல், வாய் பிளக்குறது, நிறம் கருக்குறது, சீக்கிரம் சாவு. முதல் பதிவைத் திரும்பப் படிங்க.

கரிசல்_காக்கா (11:12)
அப்ப எங்க பல்லி எப்படிப் பொழச்சுது?

ஆட்டுடாக்டர் (11:20)
உங்க பம்புசெட்டு மின்மினி வேற இனம் அண்ணாச்சி. பிராணியும் வேற. அமெரிக்காவுல பறவையும் சிலந்தியும் இந்த மின்மினியை வாயில வச்சதும் துப்பிடும். பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியா நடுவாந்திரப் பாலை நிலத்துப் பிராணி. அதோட முப்பாட்டன் எவனும் ஃபோட்டினஸைப் பாத்ததில்ல. ஓடுறது, மினுங்குறது எல்லாமே அதுக்குச் சோறுதான்.

ஊர்வன_பித்தன் (11:48)
கட்டுரை இருக்கலாம். ஆனால் இங்கே பூச்சி எங்கே? அவரே வாய்ப்பில்லை என்கிறார். ஆதாரம் இல்லாமல் ஊகம் வேண்டாம். இன்னொன்று, எல்லோரும் “பல்லி” என்றே எழுதுகிறீர்கள். இது பல்லி அல்ல. அகாமிடே குடும்பம். நம் வேலி ஓணானும் அதே குடும்பம். தமிழில் “தாடி ஓணான்” என்பதே சரி.

டல்லாஸ்_தம்பி (11:55)
காசு கொடுத்து வாங்கி ஏசி ரூம்ல வச்சு ஓணான்னு சொல்லணுமா சார் 😂

கரிசல்_காக்கா (12:04)
ஓணானா! ராமரு தாகத்துக்குத் தண்ணி கேட்டப்போ அணில் எளநி கொடுத்துச்சாம், ஓணான் மூத்திரத்தக் கொடுத்துச்சாம். அந்தக் கதையச் சொல்லிச் சொல்லியே நாங்க சின்னதுல எத்தனய கல்லால அடிச்சோம். இப்ப நெனச்சா ஒரு மாதிரியாத்தான் இருக்கு. அதுக்குப் போயி முனியாண்டின்னு பேரு வச்சு, மருத்துவர் வேற.

ஸ்கார்பரோ_அன்ரி (12:10)
எங்கட ஊரில ஓணான் எண்டால் வேலியில தலையாட்டிக்கொண்டு நிக்கிறது. எங்கட ரெண்டும் அப்படித்தான் தலையாட்டும். பித்தன் சொல்லுறது இதிலயாவது சரி.

அயனாவரம்_இகுவானா (12:31)
இந்த இழையிலேயே கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க இகுவானா மூணு நாளா சாப்பிடல. வால் நுனி கருப்பா இருக்கு. அதுவும் மின்மினி விஷமா?

டல்லாஸ்_தம்பி (12:34)
அயனாவரத்துல மின்மினியா! தனி இழை போடுங்க பாஸ். வயசு, எடை, வெப்பம், சாப்பாடு எல்லாம் முதல்லயே எழுதுங்க.

ஊர்வன_பித்தன் (12:50)
அதற்கு முன் மத்திய வன அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? பச்சை இகுவானா, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் 2-ஆம் இணைப்பில் இருக்கிறது. 2024 விதிகளின்படி வீட்டில் வைத்திருப்பதைத் தெரிவிக்க வேண்டும்.

அயனாவரம்_இகுவானா (12:52)
ஐயா நான் டாக்டரைக் கேட்டேன், ஃபாரஸ்ட் ஆபீசரை இல்ல.

ஆட்டுடாக்டர் (1:15)
வால் நுனி கருத்துக் காய்ஞ்சா பழைய தோல் உரியாம இறுக்கி ரத்த ஓட்டம் நின்னிருக்கலாம். மூணு நாள் சாப்பிடாம இருந்தா இழையில கேக்காதீங்க, தூக்கிட்டுப் போங்க. வேப்பேரி கால்நடைக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தானே.

(அதுக்கப்புறம் 14 பதிவுகள் உடும்புக்கும் ஓணானுக்கும் என்ன வித்தியாசம்னு போச்சு. நடத்துநர் சுருக்கிட்டார்.)

எடிசன்வாசி (ஜூலை 7, இரவு 11:47)
ரெண்டு நாளா வரல, மன்னிக்கணும். அன்ரி சொன்னதுதான்.

நேத்து ராத்திரி சின்னவன் போர்வைக்குள்ள இருந்தபடியே சொன்னான். அன்னைக்கு பார்பெக்யூல பசங்க எல்லாரும் மூடியில ஓட்டை போட்ட ஜாடியில மின்மினி பிடிச்சிருக்காங்க. இவன் ஒன்னை எடுத்துட்டு வந்து வலை மூடியைத் தூக்கிப் போட்டிருக்கான். ஏன்டான்னா, வயித்துக்குள்ள லைட் எரியுமான்னு பாத்தானாம். ரூம் விளக்கெல்லாம் அணைச்சுட்டு உக்காந்து பாத்திருக்கான். எரியலயாம்.

அவனை ஒன்னும் சொல்லல. ஒரே ஒன்னுதான் போட்டேன்னு திரும்பத் திரும்பச் சொல்றான்.

ஸ்கார்பரோ_அன்ரி (ஜூலை 8, காலை 6:58)
ஒண்டே போதும் தம்பி, அதுதான் கொடுமை. நீங்கள் பாத்து நிண்டிருந்தாலும் ஒண்டும் செய்திருக்கேலாது. எத்தனை வயசு பிள்ளைக்கு?

ஆட்டுடாக்டர் (8:20)
இதுக்கு மாத்து மருந்துன்னு கையில வச்சிருக்குறது எதுவும் இல்ல. உடனே மருத்துவர் கிடைச்சிருந்தாலும் வயித்தைக் காலி பண்ணப் பாத்திருப்பாங்க, அவ்வளவுதான். பையன்கிட்ட அதைச் சொல்லலாம். இந்த இழையைப் படிக்குற மத்தவங்க, தோட்டத்துப் பூச்சி எதையும் பிடிச்சுப் போடாதீங்க. கடைக் கிரிக்கெட், கரப்பான் போதும்.

டல்லாஸ்_தம்பி (8:41)
நான்ஸ்டிக்னு உங்களைப் போட்டு வறுத்ததுக்கு சாரிங்க.

கரிசல்_காக்கா (9:05)
பிள்ளைய அடிச்சிராதீய அண்ணாச்சி. லைட்டு எரியுமான்னு கேட்டது நல்ல கேள்வி.

ஊர்வன_பித்தன் (10:30)
1999 கட்டுரையைத் தேடிப் படித்தேன். இருக்கிறது. ஆனாலும் குழாய் விளக்கு டிசம்பரில் மாற்றியது என்றால் அடுத்த டிசம்பருக்குள் மாற்ற வேண்டும் என்பது பொதுவாக நினைவில் இருக்கட்டும்.

டல்லாஸ்_தம்பி (10:32)
சார், பல்லியே போயிடுச்சு.

ஊர்வன_பித்தன் (10:33)
ஓணான்.