அயர்லாந்து ட்ரிப், டயர் கிழிஞ்சு பாலிவானில மாட்டிக்கிட்டோம், உதவி வேணும்

வணக்கம் நண்பர்களே, நாலு பேர் வாடகை கார்ல அயர்லாந்து சுத்திட்டு இருக்கோம், இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு கிளேர் கவுண்டில பாலிவான் ஊர் கிட்ட எதிர்ல டூர் பஸ் வந்துச்சுன்னு இடது பக்கம் ஒதுங்கினப்போ கல்சுவர்ல உரசி முன்பக்க இடது டயர் கிழிஞ்சிருச்சு. டயர் சைஸ் 205/55 ஆர்16. பக்கவாட்டுல கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டு.

ஸ்டெப்னி இல்ல, பஞ்சர் கிட் மட்டும்தான். அதை அடிச்சு பாத்தோம், வெள்ளை திரவம் வெட்டு வழியா நுரையா பொங்கி வெளிய வந்துருச்சு, காத்து ரெண்டு நிமிஷம் கூட நிக்கல. வாடகை கம்பெனி ஹெல்ப்லைனுக்கு மூணு தடவை போன் போட்டாச்சு, செவ்வாய்க்கிழமைதான் ஆள் வருமாம். நாளைக்கு ஆகஸ்ட் முதல் திங்கள், இங்க பொது விடுமுறை, கூகுள்ல பாத்த டயர் கடை எல்லாம் லீவு. பப் ஓனர் ஒருத்தர் தன் முற்றத்துலயே காரை விட்டுக்கச் சொல்லி சூடா சூப்பும் குடுத்தார், ரொம்ப நல்ல மனுஷன், ஆனா அவருக்கும் மெக்கானிக் யாரும் கிடைக்கல.

போல்நாப்ரோன் கல்லறையை மத்தியானமே பாத்துட்டோம், 5,000 வருஷத்துக்கு மேல அந்த பாறைக்காட்டுல அப்படியே நிக்குது, கண்ணு கலங்கிருச்சு. ஆனா செவ்வாய் காலைல நியூகிரேஞ்ச்ங்கிற பழங்கால கல்லறை மேட்டைப் பாக்க டிக்கெட் புக் பண்ணிருக்கோம், இங்கிருந்து 200 கி.மீ.க்கு மேல.

லீவு நாள்லயும் பாலிவானுக்கே வந்து டயர் மாத்திக் குடுக்கிறவங்க யாரையாவது தெரியுமா?