மெக்சிகன் தீம் பார்ட்டியில் சரக்கு கலக்கிய அனுபவங்கள்

கரிசல்காட்டான்
ஹூஸ்டன். போன டிசம்பரில் எங்கள் குடியிருப்பில் மெக்சிகன் தீம் என்று முடிவானதும் சரக்குப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. டெக்கீலா என்ற மெக்சிகோ மது, அதை எலுமிச்சைப் புளிப்போடு மார்கரிட்டா ஆக்கப் பச்சை நிற மிக்ஸ், கிளாஸ் விளிம்புக்கு உப்பு. வழக்கமான கதைதான். கீழ்வீட்டில் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்திலிருந்து வந்த ஒரு பாட்டியம்மா இருக்கிறார். முதல் கிளாஸை அவரிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை. கிளாஸை மேஜை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைகளுக்காக வாங்கியிருந்த கிரேப்ஃப்ரூட் சோடா டின்னை எடுத்தார். ஐஸ் நிறைந்த கிளாஸில் டெக்கீலா, பாதி எலுமிச்சையைக் கையாலேயே ஒரு பிழி, மேலே சோடா. கடைசியில் ஒரு சிட்டிகை உப்பை உள்ளே போட்டாரே பார்க்கணும், நுரை பொங்கி அவர் விரல்மேல் வழிந்தது. விரலை நக்கிக்கொண்டே கிளாஸை என்னிடம் நீட்டினார். பலோமா என்ற கலவைதான். ஆனால் நான் அதுவரை குடித்த எந்தப் பலோமாவும் அப்படி இல்லை.

அப்புறம் எல்லோரும் அவர் முன்னால்தான் வரிசை கட்டினார்கள். எனக்கு உறுத்துவது மேஜை ஓரத்தில் இருந்த அந்தப் பச்சைக் கிளாஸ். நன்றாக இல்லை என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மாடிவீட்டு மைனா
தம்பி, மிக்ஸை அவ்வளவு மட்டம் தட்டாதீர்கள். நாற்பது பேருக்கு யார் எலுமிச்சை பிழிவது? எங்கள் டல்லாஸ்காரர் மரியானோ மார்ட்டினெஸ் 1971-இல் சாஃப்ட் ஐஸ்கிரீம் எந்திரத்தை மாற்றியமைத்து ஃப்ரோசன் மார்கரிட்டா எந்திரம் செய்ததே, பிளெண்டரில் அடித்து மாளாமல்தான். அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாங்களும் அந்த மாதிரி ஒன்றைக் கிறிஸ்துமஸ் பார்ட்டிக்கு வாடகைக்கு எடுத்தோம். என் வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர், "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று யாரும் பார்க்காத நேரத்தில் இன்னொரு பாட்டில் டெக்கீலாவை மேலே கவிழ்த்துவிட்டார். சரக்கு கூடினால் அது உறையாது. கண்ணாடிக்குள் துடுப்பு சுற்றுகிறது, பச்சைத் தண்ணீர் அலையடிக்கிறது, ஆளாளுக்குக் கையில் கிளாஸை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அந்த மனுஷன் மட்டும் "இன்னும் பத்து நிமிஷம்" என்று ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அகாவே அண்ணாச்சி
அக்கா, எலுமிச்சை பிழிய ஆள் இல்லையென்றால் மார்கரிட்டா போடாதீர்கள். எந்திரம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதற்காக மிக்ஸ் நல்லதாகிவிடாது.

என் அனுபவம் சின்னது. மெக்சிகோவில் டெக்கீலா என்ற ஊரிலேயே இருக்கிற லா கபியா மதுக்கடைக்குப் போயிருக்கிறேன். கடைக்காரர் டான் ஹாவியேர் உண்டாக்கிய பத்தாங்கா என்ற கலவை அங்கேதான் பிறந்தது: உப்பு தடவிய உயரமான கிளாஸ், டெக்கீலா, எலுமிச்சை, கோலா. எலுமிச்சை வெட்டிய நீளக் கத்தியாலேயே கிளாஸைக் கலக்கினார்கள். அந்தக் கத்தி ஐஸில் இடிக்கிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இனி பார்ட்டி வைக்கிறவர்கள் கவனிக்க. டெக்கீலா காய்ச்சுவது அகாவே என்ற கற்றாழை போன்ற செடியிலிருந்து; பாட்டிலில் '100% அகாவே' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது மிக்ஸ்தோ, அதாவது கலப்பு டெக்கீலா. அகாவே சர்க்கரை 51 சதவீதம் இருந்தாலே போதும் என்பது விதி, மீதிச் சர்க்கரை கரும்பு போன்ற வேறொன்றிலிருந்து வரலாம். புழு கிடக்கும் பாட்டிலைத் தேடி அலையாதீர்கள், அது மெஸ்கால் என்ற இன்னொரு அகாவே சரக்கில், அதிலும் சிலவற்றில் மட்டும் போடுவது. மார்கரிட்டாவுக்கு 50 மிலி டெக்கீலா, 20 மிலி ட்ரிபிள் செக் (ஆரஞ்சு வாசனை இனிப்பு மது), 15 மிலி எலுமிச்சைச் சாறு. விளிம்பில் பாதிக்கு மட்டும் உப்பு தடவுங்கள், வேண்டாதவர்கள் மறுபக்கம் குடிக்கலாம். தூள் உப்பு வேண்டாம், கல்லுப்பைப் பொடித்துக்கொள்ளுங்கள். கூட்டம் பெரிது என்றால் ஐஸ் போடாமல் ஜாடியில் கலந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஐஸ் உருகிச் சேரும் தண்ணீருக்குப் பதிலாகக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் சேர்க்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சோடா எப்போதும் கடைசியில். இன்னொன்று, மெக்சிகோவின் கான்கூன் கடற்கரைப் பக்கம் விடுமுறைக்குப் போய் வெயிலில் உட்கார்ந்து எலுமிச்சை பிழிகிறவர்கள் உடனே சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் கொப்பளிக்கும்.

சும்மா வந்தவன்
அண்ணாச்சி, இங்கே அனுபவம்தானே கேட்டார்கள்?

குவாதலஹாரா மருமகள்
டிசம்பரில் மார்கரிட்டாவா! என் மாமியார் வீட்டில் போசாதா என்ற கிறிஸ்துமஸுக்கு முந்தைய கொண்டாட்ட நாட்களில், அதாவது 16 முதல் 24 வரை, அடுப்பில் பொஞ்சே என்ற சூடான பழபானம்தான். கொய்யா, கரும்புத் துண்டு, தெஹோகோத்தே என்ற சின்ன மஞ்சள் பழம், புளி, ஹமைக்கா என்ற சிவப்புப் புளிச்சைப் பூ, பட்டை, பிலோன்சியோ வெல்லம். எல்லாம் ஒரே அண்டாவில் கொதிக்கும். பிள்ளைகளுக்கும் அதே அண்டா என்பதால் அதில் சரக்கு கலக்க மாட்டார்கள். பெரியவர்களுக்கு அவரவர் குவளையில் ஒரு மடக்கு ரம்மோ டெக்கீலாவோ விழும்.

எங்கள் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்த வருஷம். மாமனார் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு குவளையாக ஊற்றிக்கொண்டே வந்தார். எங்கள் முறை வந்ததும் அம்மாவின் நெற்றி விபூதியைப் பார்த்தார், மரியாதையாக மூடியைத் திருகிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். அம்மா என் முழங்கையை இடித்து, "எனக்கும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு, சளி பிடிச்சிருக்கு" என்றார். நான் அதை ஸ்பானிஷில் சொல்வதற்குள் குவளையே நீண்டுவிட்டது. மாமனார் என்னைப் பார்க்கிறார், நான் மாமியாரைப் பார்க்கிறேன், மாமியார் கரும்பை மென்றுகொண்டே தலையாட்டுகிறார்.

அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொல்லலாமா?

அகாவே அண்ணாச்சி
அப்பா கிடக்கட்டும். கரும்பைத் தோல் சீவித்தானே போட்டீர்கள்? புளியைத் தனியாகக் கரைத்து வடிகட்டிக் கடைசியில் ஊற்றிப் பாருங்கள்.

மாடிவீட்டு மைனா
அண்ணாச்சி, கொஞ்சம் சும்மா இருங்கள். மருமகளே, அம்மா இரண்டாவது குவளை கேட்டார்களா இல்லையா?

குவாதலஹாரா மருமகள்
சளி அதிகம் என்றார்கள்.