மேனுவல் டெஸ்டிங்கிலிருந்து ஆட்டோமேஷன்: செலினியமா, பிளேரைட்டா?

கேள்வி:
4 வருடமாக மேனுவல் டெஸ்டிங்தான் வேலை. ஒவ்வொரு ரிலீஸுக்கும் லாகின், கார்ட், பேமெண்ட் என்று அதே 40 கேஸைக் கையால் ஓட்டியே இரண்டு நாள் போய்விடுகிறது. ஜாவா ஓரளவு தெரியும். போன மாதம், பிரவுசரைத் தானாக இயக்கி டெஸ்ட் செய்யும் செலினியத்தில் கொஞ்சம் எழுதிப் பார்த்தேன், என் லேப்டாப்பில் பாஸாகிற டெஸ்ட், சர்வரில் மூன்று தடவைக்கு ஒரு தடவை ஃபெயில் ஆகிறது. அதே வேலைக்கான இன்னொரு டூலான பிளேரைட்டுக்கு மாறிவிடவா? சைப்ரஸ் எப்படி?

பதில்:
சைப்ரஸில் ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் மட்டும்தான், அதனால் உங்களுக்கு இப்போது வேண்டாம். செலினியம் 2004லிருந்து இருக்கிறது, பழைய ப்ராஜெக்ட் எதில் போய் உட்கார்ந்தாலும் கைகொடுக்கும். முன்பெல்லாம் குரோம் அப்டேட் ஆனால் அதை இயக்கும் டிரைவர் புரோகிராமைத் தேடி இறக்க வேண்டும், செலினியம் 4.6 வெர்ஷனிலிருந்து அதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. சரி, உங்கள் கோடில் திரெட் ஸ்லீப், அதாவது இத்தனை செகண்ட் சும்மா நில் என்கிற வரி, இருக்கிறதா?

கேட்டவர்:
இருக்கிறது அண்ணா, 11 இடத்தில். எல்லாமே 3 செகண்ட்.

பதில்:
கோளாறு அங்கேதான். சர்வரில் பட்டன் நாலாவது செகண்டில் வந்தால் டெஸ்ட் ஃபெயில், அரை செகண்டில் வந்தால் இரண்டரை செகண்ட் வீண். அதையெல்லாம் எடுத்துவிட்டு வெப்டிரைவர் வெயிட் போடுங்கள், பட்டன் தயாரானதும் நகர்ந்துவிடும்.

இன்னொருவர்:
புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் பிளேரைட்தான் சொல்வேன், ஜாவாவிலேயே எழுதலாம். கிளிக் செய்யும் முன் பட்டன் கண்ணுக்குத் தெரிகிறதா, ஆடாமல் நிற்கிறதா, மேலே வேறு எதுவும் மறைக்கிறதா என்று அதுவே பார்த்துக் காத்திருக்கும். ஃபெயில் ஆனால் டிரேஸை, அதாவது டெஸ்ட் ஓடிய பதிவைத் திறந்து ஒவ்வொரு படியிலும் பக்கம் எப்படி இருந்தது என்று பார்க்கலாம், டிரேஸை ஆன் செய்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நாம் கிளிக் செய்வதைக் கோடாக எழுதித் தரும் கோட்ஜென்னில் ரெக்கார்ட் செய்து பழகுங்கள், ஆனால் அது தருகிற கோடை அப்படியே விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் பட்டன் இருக்கும் இடத்துக்கு வழி சொல்லும் முழ நீள எக்ஸ்பாத் வேண்டவே வேண்டாம், டெவலப்பரிடம் கேட்டு முக்கியமான பட்டன்களுக்கு டெஸ்ட் ஐடி (டெஸ்டுக்கென்றே ஒரு பெயர்) போடச் சொல்லுங்கள்.

அப்புறம், 40 கேஸையும் ஒரே மூச்சில் தூக்காதீர்கள். எங்கள் டீமில் எல்லா டெஸ்டுக்கும் ஒரே அக்கவுண்ட் வைத்திருந்தோம், முந்தைய டெஸ்ட் கார்ட்டில் விட்டுப்போன ஒரு சட்டையால் அடுத்த டெஸ்டில் மொத்தத் தொகை தப்பாக வரும். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது. ஒவ்வொரு டெஸ்டும் தனக்கு வேண்டிய யூசரைத் தானே உருவாக்கிக்கொள்ளட்டும்.

கேட்டவர்:
நானும் ஒரே அக்கவுண்ட்தான் வைத்திருக்கிறேன்! லாகினை மட்டும் பிளேரைட்டில் எழுதி, சர்வரில் 20 தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.