1904-ஐ மறைத்துவிட்டு அணுவின் கதையைச் சொல்லாதீர்கள்

சனிவளையம்:
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார்: "அணுவின் நடுவில் நேர்மின் மையம் இருப்பது 1911-ல் ரூதர்ஃபோர்டு சொல்லும்வரை ஒருவருக்கும் தோன்றவில்லை." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஜப்பானின் ஹான்டாரோ நாகஓகா 1904-லேயே பிலசாபிகல் மேகசின் என்ற அறிவியல் இதழில் இதை எழுதிவிட்டார். நடுவில் நேர்மின்னேற்றம் கொண்ட கனத்த கோளம், சுற்றிலும் சனியின் வளையம் போல எலக்ட்ரான்கள். ஏழு வருடம் முந்தி!

ஆல்ஃபாக்கதிர்:
எழுதியது நான்தான், மறைந்து நிற்கவில்லை. நாகஓகாவிடம் இருந்தது கணக்கு மட்டும். அந்த வளையம் நிலைக்காது என்று ஷாட் என்ற இயற்பியலாளர் அதே வருடம் காட்டிவிட்டார். சோதனை எங்கே? 1909-ல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் கைகரும் மார்ஸ்டனும் ஆல்ஃபா துகள்களை, அதாவது கதிரியக்கத்தில் வெளிவரும் நேர்மின் துகள்களை, தங்கத் தகட்டில் மோதவிட்டார்கள். ஏறக்குறைய 8000-ல் ஒன்று பின்னால் திரும்பியது. அதை விளக்கப் பிறந்ததுதான் அணுக்கரு என்ற அந்த மையம்.

குறிப்பேடு:
8000-ல் ஒன்று என்பது பிளாட்டினத்துக்கு வந்த கணக்கு. தங்கத்துக்கு அல்ல.

ஆல்ஃபாக்கதிர்:
தங்கத்தையும் வைத்துப் பார்த்தார்களா இல்லையா? போன மாதம் நியூட்ரான் விவாதத்திலும் இதே வேலைதான் செய்தீர்கள். நடு விஷயத்தை விட்டுவிட்டு ஓரத்தில் கிள்ளுவது.

குறிப்பேடு:
நியூட்ரானைச் சாட்விக் கண்டது 1932. நீங்கள் அன்று 1930 என்று எழுதினீர்கள், இன்றுவரை திருத்தவில்லை. தவறான எண்ணைச் சுட்டினால் அது ஓரமா?

சனிவளையம்:
உலோகச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நாகஓகா 1910-ல் மான்செஸ்டருக்கே போய் ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தைப் பார்த்தவர். அடுத்த வருடமே ரூதர்ஃபோர்டின் அணுக்கருக் கட்டுரை வருகிறது. அதன் கடைசிப் பகுதியில் ரூதர்ஃபோர்டே நாகஓகாவின் பெயரைச் சொல்கிறார். அவரே சொன்ன பெயரை உங்கள் பாடநூல் ஏன் விழுங்கியது? 1904-க்குப் பதில் சொல்லுங்கள்.

ஆல்ஃபாக்கதிர்:
திருடினார் என்கிறீர்களா? நேராகச் சொல்லுங்கள். நாகஓகா இப்படி ஒன்றை யோசித்தார் என்று இயற்பியலாளர் பிராக் 1911 மார்ச்சில் கடிதம் எழுதித்தான் ரூதர்ஃபோர்டுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. சோதனையின் எண்களிலிருந்து வந்த முடிவு அது. ஜப்பானிய வளையத்திலிருந்து வரவில்லை.

புதியவன்:
அண்ணன்மார்களே, 'முதலில் சொன்னவர்' என்றால் ஊகித்தவரா, நிரூபித்தவரா? அதை முடிவு செய்துவிட்டுப் பேசலாமே. எலக்ட்ரானைக் கண்டுபிடித்த தாம்சனையும் மறக்கிறீர்கள். அவருடைய எலக்ட்ரான்கள் நேர்மின் உருண்டைக்குள் அசையாமல் புதைந்து கிடப்பதாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் தாம்சனின் 1904 கட்டுரையில் அவை வளையம் வளையமாகச் சுற்றுகின்றன.

சனிவளையம்:
தாம்சன் பிறகு வரட்டும் தம்பி. திருடினார் என்று நான் எங்கே எழுதினேன்? வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். இன்னொன்றையும் கேளுங்கள். 1911 கட்டுரையில் மையத்தின் மின்னேற்றம் நேரா எதிரா என்றே ரூதர்ஃபோர்டு உறுதி செய்யவில்லை. எப்படி இருந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்று விட்டுவிட்டார். "நேர்மின் மையம், 1911" என்று முழங்கினீர்களே, அந்த வரியே நிற்கவில்லை. நேர்மின் என்று துணிந்து எழுதியவர் நாகஓகா.

ஆல்ஃபாக்கதிர்:
குறியை விடுங்கள், அளவைப் பாருங்கள். அணுவின் ஆரம் சுமார் 10⁻⁸ செ.மீ. மையம் அதில் ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது என்று காட்டியது 1911. நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் 1913-ல் எலக்ட்ரான் பாதைகளை அமைத்தது அந்தச் சிறிய கருவைச் சுற்றித்தான். நாகஓகாவின் கோளம் எவ்வளவு பெரியது என்று அவர் ஆதரவாளர்கள் வாய் திறப்பதே இல்லை.

குறிப்பேடு:
பிளாட்டினம் என்று இன்னும் திருத்தவில்லை.

சனிவளையம்:
நான் அளவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. "ஒருவருக்கும் தோன்றவில்லை" என்று எழுதியது நீங்கள். தோன்றியது, அச்சிலும் வந்தது, 1904-ல். அந்த வரியை எடுக்கும்வரை நான் இங்கேதான் இருப்பேன்.

ஆல்ஃபாக்கதிர்:
இருங்கள். வரியும் இருக்கும்.