வகுப்பறையில் வளர்த்த கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாகக் குளவிகள் வந்துவிட்டன, பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

கரும்பலகை எழுதியது:

வணக்கம். மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று நான்கு படமும் நான்கு அம்புக்குறியும் போட்டுப் பாடத்தில் இருக்கிறதே, அதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று பள்ளித் தோட்டத்து எலுமிச்சைச் செடியிலிருந்து ஏழு புழுக்களை எடுத்து வந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன். எல்லாமே எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழுக்கள் என்றுதான் நினைக்கிறேன். சிறியதாக இருந்தபோது பறவை எச்சம் மாதிரியே இருந்தன, பிறகு தோல் உரித்துப் பச்சையாகிவிட்டன. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கிளையாக ஒரு கொம்பை நீட்டி ஒரு நெடி விடும், அதைப் பார்க்கவே பிள்ளைகள் காலையில் சீக்கிரம் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்துவிட்டார்கள்.

தோட்டத்துச் செடியில் இலை தீர்ந்துபோனதால் நாற்றுப் பண்ணையில் ஒரு கன்று வாங்கி அதன் இலையைக் கழுவிப் போட்டேன். மறுநாளே ஒரு புழு பச்சையாக வாந்தி எடுத்துச் சுருண்டு செத்துப்போனது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று கறுத்து, உடம்பு நீராகித் தொங்கியது. இதெல்லாம் போகட்டும் என்றால், நேற்று ஒரு கூட்டுப்புழுவில் குண்டூசி குத்தியது மாதிரி ஒரு ஓட்டை, டப்பா முழுக்க எள்ளைவிடச் சிறிய குளவிகள், இருபதுக்கும் மேல் இருக்கும். அந்தப் புழுவுக்குப் பெயர் வைத்த பிள்ளை மதியம் வரை அழுதுகொண்டே இருந்தாள். நான் அவசரமாக டப்பாவை மூடி எடுத்துப் போய்விட்டேன், அது சரியா தவறா என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

இப்போது மிச்சம் இருப்பது பெரிய புழுக்கள் இரண்டு, கூட்டுப்புழுக்கள் இரண்டு. அதில் ஒரு கூட்டுப்புழு குச்சியிலிருந்து கழன்று கீழே விழுந்து கிடக்கிறது. வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்று நாள் விடுமுறை வேறு. தொடர்வதா, எல்லாவற்றையும் செடியிலேயே விட்டுவிடுவதா?

இலைநுனி எழுதியது:

விட வேண்டாம் டீச்சர், நான்கு இருக்கிறதே. முதலில் விழுந்த கூட்டுப்புழுவைப் பார்ப்போம், அதுதான் அவசரம். மென்மையாகத் தொட்டுப் பாருங்கள், வயிற்றுப் பகுதி நெளிந்தால் உயிரோடுதான் இருக்கிறது, நெளியாவிட்டாலும் உடனே முடிவு கட்ட வேண்டாம். சொரசொரப்பான காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டி, வால் நுனி கீழேயும் தலை மேலேயும் இருக்கும்படி அதற்குள் வைத்து, கூம்பைச் செங்குத்தாக ஓர் அட்டையில் ஒட்டிவிடுங்கள். கூம்பின் விளிம்பு தலையை ஒட்டி இருந்தால் போதும், ரொம்ப உயரமாக வேண்டாம். வெளியே வரும் பட்டாம்பூச்சிக்கு ஏறித் தொங்க ஒரு பிடிமானம் இருந்தாக வேண்டும், அதற்குத்தான் இத்தனை பாடு. வந்த நேரத்தில் சிறகு நனைந்த துணி மாதிரி கசங்கி இருக்கும். தொங்கிக்கொண்டே உடம்பிலுள்ள திரவத்தைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தித்தான் அதை விரிக்கும். தட்டையான தரையில் கிடந்தால் கசங்கியபடியே காய்ந்துவிடும், காய்ந்தபின் யாராலும் நிமிர்த்த முடியாது.

வாந்தி எடுத்துச் செத்தது மருந்தால்தான், அநேகமாகச் சந்தேகமே இல்லை. விற்பனைக்கு வரும் கன்றுகளுக்குப் பெரும்பாலும் மருந்து அடித்திருப்பார்கள், சில மருந்துகள் செடியின் சாற்றிலேயே கலந்துவிடும் என்பதால் கழுவியும் பயனில்லை. மருந்து படாத எலுமிச்சை, நாரத்தை என்று எது கிடைத்தாலும் கொடுக்கலாம். கறிவேப்பிலையையும் இந்தப் புழு தின்னும், ஆனால் ஒரு செடியில் பழகியதைப் பாதியில் மாற்றாமல் இருப்பது நல்லது.

கறுத்து நீரானது தொற்று. மூடிய டப்பாவில் ஈரமும் எச்சமும் சேர்ந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பரவிவிடும். டப்பாவைச் சோப்பு போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து, மேலே மூடிக்குப் பதிலாக நெருக்கமான வலைத்துணியைக் கட்டுங்கள். அடியில் காகிதம் விரித்துத் தினமும் மாற்றுங்கள். இலைக்கொத்தைச் சின்னப் பாட்டில் தண்ணீரில் செருகினால் வாடாமல் இருக்கும், ஆனால் பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கிச் செத்துவிடும் (எனக்கு ஒரே நாளில் மூன்று போயின, இன்றுவரை மறக்கவில்லை). ஜன்னலோர நேர் வெயிலில் மட்டும் டப்பாவை வைக்காதீர்கள்.

விடுமுறைக்குக் கூட்டுப்புழுக்களைப் பற்றிக் கவலையே வேண்டாம், அவற்றுக்குத் தீனி தேவையில்லை. பெரிய புழுக்களை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள், கடைசிப் பருவத்தில்தான் அவை அசுரத்தனமாகத் தின்னும். திடீரென்று தின்பதை நிறுத்தி, நீர்த்த எச்சம் போட்டு, டப்பாவையே சுற்றிச் சுற்றி ஓடினால் நோய் என்று பயப்படாதீர்கள், கூட்டுப்புழு ஆக இடம் தேடுகிறது. இரண்டு குச்சிகளைச் சாய்த்து வைத்துவிட்டுத் தொடாமல் இருங்கள்.

பழைய சுண்ணக்கட்டி எழுதியது:

மேலே நண்பர் சொன்ன பராமரிப்பு எல்லாம் சரி, நான் அந்தக் குளவிக்கு வருகிறேன். டீச்சர், டப்பாவை மூடி எடுத்துப் போயிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது, குற்றமாகச் சொல்லவில்லை, நானும் முதல் தடவை அதையேதான் செய்தேன். பட்டாம்பூச்சி இடும் முட்டைகளில் பெரும்பாலானவை வளர்ந்து பறப்பதே இல்லை, எறும்பும் சிலந்தியும் பறவையும் குளவியும் பார்த்துக்கொள்கின்றன. அது பாடப்படத்தில் இல்லை, ஆனால் உங்கள் டப்பாவில் தானாகவே வந்திருக்கிறது. நான் செய்தது இதுதான்: செத்த குளவிகள் சிலவற்றை வெள்ளைத் தாளில் தட்டி, ஆளுக்கொரு தடவை பூதக்கண்ணாடியில் பார்க்க விட்டேன். கறுப்பாகத் தெரிந்தது கண்ணாடிக்குக் கீழே பச்சையாக மின்னியது, "இதுவும் முட்டையிலிருந்துதான் வந்ததா சார்" என்று ஒருவன் கேட்டான். ஆமாம், புழு தோல் உரித்துக் கூட்டுப்புழுவாகி மேல்தோல் இறுகுவதற்கு முன்னால் தாய்க்குளவி அதற்குள் முட்டையிட்டுவிடும், குஞ்சுப்புழுக்கள் உள்ளேயே தின்று வளர்ந்து ஓட்டை போட்டு வெளியே வரும் என்று சொன்னேன். அழுத பிள்ளைகளும் அந்தத் தாளை விட்டு நகரவில்லை.

அழுகிற பிள்ளையிடம் "பரவாயில்லை, வேறு புழு இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் பெயர் வைத்த புழு போய்விட்டது, அதற்கு வேறு புழு பதில் ஆகாது. தோட்டத்தில் அதற்கு ஓர் இடம் பார்க்கச் சொல்லுங்கள், அவளே செய்வாள்.

அடுத்த தடவை முட்டையாகவோ மிகச் சிறிய புழுவாகவோ எடுங்கள். துளிர் இலையில் வெளிர்மஞ்சளாகக் குண்டூசித் தலை அளவில் ஒற்றை ஒற்றையாக இருக்கும். இந்தக் குளவி கூட்டுப்புழுவில் முட்டையிட்டாலும், புழுவிலேயே முட்டையிடும் வேறு ஒட்டுண்ணிகளும் உண்டு, பெரிய புழுவாக எடுக்கும்போது அவை ஏற்கெனவே உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். ஏழும் வேண்டாம், மூன்று நான்கு போதும், இலைக்கு அலைய வேண்டியிருக்காது.

எருக்கம்பால் எழுதியது:

ஓர் எச்சரிக்கை மட்டும். எலுமிச்சையைப் பார்த்து ஆசைப்பட்டு எருக்கஞ்செடியிலிருந்து வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழுக்களையும் கொண்டுவரச் சிலர் சொல்வார்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டையோடு புழு அவ்வளவு அழகாக இருக்கும், வளர்ப்பதும் சுலபம், ஆனால் இலையைக் கிள்ளினால் வடியும் பால் கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகிவிடும். பிள்ளைகளை அந்த இலையைத் தொட விடவே கூடாது, நீங்களும் பறித்ததும் கையைக் கழுவிவிட்டுத்தான் மற்ற வேலை. அதேபோல உடம்பெல்லாம் மயிர் உள்ள கம்பளிப்பூச்சியை யாராவது பிடித்து வந்தால் வாங்கி வைக்காதீர்கள், அரிப்பும் தடிப்பும் வந்துவிடும்.

மழைக்கால டைரி எழுதியது:

பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள், தயாராக இருங்கள்: பட்டாம்பூச்சி ஆனபிறகு நம்மை ஞாபகம் இருக்குமா? என் வகுப்பில் கேட்டபோது பதில் தெரியாமல் போய்த் தேடிப் பார்த்தேன். 2008-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. புகையிலைப் புழுவுக்கு ஒரு வாசனையைக் காட்டும்போதெல்லாம் லேசான மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். கடைசிப் பருவத்தில் பழகிய புழுக்களில் பல, அந்துப்பூச்சி ஆனபிறகும் அந்த வாசனையை விட்டு விலகிப் போயின, சிறிய பருவத்தில் பழகியவை மறந்துவிட்டன. உள்ளே உடம்பு அவ்வளவு உருக்குலைந்து புதிதாகக் கட்டப்பட்டும் மூளையில் ஏதோ ஒன்று தங்கிவிடுகிறது! நம்மை ஞாபகம் வைத்திருக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, அதையும் பிள்ளைகளிடம் சொன்னேன், ஆனாலும் அன்று முழுக்க வகுப்பில் அந்தப் பேச்சுதான்.

கரும்பலகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் தாமதமாக எழுதுகிறேன். பெரிய புழுக்கள் இரண்டும் என் வீட்டிலேயே கூட்டுப்புழு ஆகிவிட்டன, ஒன்று எப்படியோ தப்பித்துப் போய் நாற்காலியின் அடியில் ஒட்டிக்கொண்டது, நாற்காலியை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டோம். குளவிகளையும் தாளில் காட்டினேன். அழுத பிள்ளை முதலில் வரவில்லை, பிறகு கடைசியாக வந்து ரொம்ப நேரம் பார்த்தாள். ஓட்டை போட்ட கூட்டை அவளே வேண்டும் என்று கேட்டு வாங்கி, தீப்பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

கூம்பில் வைத்தது நேற்று முன்தினம் இரவு கறுத்துவிட்டது, செத்துவிட்டது என்றே நினைத்தேன். உற்றுப் பார்த்தால் தோலுக்குள் சிறகின் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. நேற்றுக் காலை முதல் பாடவேளையில் வெளியே வந்து அட்டையில் ஏறித் தொங்கியது. காகிதத்தில் செந்நிறமாகச் சொட்டு விழுந்ததும் ரத்தம் ரத்தம் என்று ஒரே கூச்சல், கூட்டுப்புழுவாக இருந்தபோது சேர்ந்த கழிவு அது என்று விளக்கினேன். சிறகு விரிந்து காய்வதற்குள் இரண்டு பாடவேளை போய்விட்டது, கணக்கு நடக்கவில்லை. வெயில் ஏறியதும் ஜன்னலைத் திறந்தோம், அது உடனே போகவில்லை, கம்பியில் உட்கார்ந்து இரண்டு தடவை சிறகை விரித்து மூடிவிட்டுத்தான் பறந்தது.

குச்சியில் இருப்பது இன்னும் பச்சையாகவே இருக்கிறது, நாற்காலிக்கு அடியில் இருப்பது பழுப்பு. ஒரே வகைப் புழுவுக்கு ஏன் இரண்டு நிறம் என்று கேட்கிறார்கள். ஒட்டியிருக்கும் இடத்துக்கு ஏற்ற நிறம் என்று நாளைக்கு அவர்களே கண்டுபிடிக்கிறார்களா பார்க்க வேண்டும்.